நல்ல கால்

என் இரண்டு கால்களுக்கும் வீட்டில் பட்டப்பெயர் உண்டு. வலது கால் ஆபீசர், இடது கால் பியூன். பெயர் வைத்தவர் என் கணவர். ஆபீசர் தாமதமாகத்தான் வருவார், எதையும் தூக்க மாட்டார், பாதத்தைத் தரையில் உரசிக்கொண்டு கௌரவமாக நடப்பார். படியேறுவது, மெட்ரோவில் ஆடாமல் நிற்பது, குக்கரை இறக்கும்போது உடம்பைத் தாங்குவது எல்லாம் பியூன் பொறுப்பு.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். மின்கம்பியைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் போல நரம்புகளைச் சுற்றியும் ஒரு உறை உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஏதோ குழப்பத்தில் அந்த உறையையே பகையாக நினைத்து அரித்துவிடுகிறது. எந்த இடத்தில் அரிக்கிறதோ அதைப் பொறுத்துக் கண்ணோ காலோ போகும். கொஞ்சம் திரும்பியும் வரும். எனக்கு வலது கால் முழுதாகத் திரும்பி வரவில்லை.

வைட்ஃபீல்டில் ஒரு மருந்து நிறுவனத்தில் ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அங்கே தேதி போடாத கையெழுத்து கையெழுத்தே இல்லை. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. மர்பி டவுனில் எங்கள் தெருமுனை பேக்கரி எப்போது மூடியது, எந்த மழையில் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தது என்று அக்கம்பக்கத்தில் ஏதாவது தகராறு என்றால் என்னிடம்தான் வருவார்கள். ஆனால் என் நோய்க்கு மட்டும் என்னிடம் தொடக்கத் தேதி இல்லை. ஒரு கண் மங்கிய நாளை மருத்துவர்கள் தொடக்கம் என்று எழுதினார்கள். அதற்கு வெகு முன்பே ஒரு குளிர்காலத்தில் வலது உள்ளங்கால் மரத்துப்போய், செருப்பு கழன்றது தெரியாமல் அல்சூர் மார்க்கெட்டில் பாதி தூரம் நடந்திருக்கிறேன். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இன்றுவரை தெரியவில்லை.

நோய் மறுபடி தாக்குவதை ரிலாப்ஸ் என்பார்கள். ஆரம்ப வருடங்களில் எனக்குப் பலமுறை வந்தது. ஒவ்வொரு தடவையும் சில நாட்கள் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றுவார்கள். அப்போதெல்லாம் தூக்கம் வராது, பசி அடங்காது, முகம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிடும். பிறகு ஒரு மாத்திரை தொடங்கினோம். அதன்பின் நோய் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு தடவை போகும்போதும் நரம்பியல் மருத்துவர் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "இந்த மாத்திரை வேலை செய்யுது, ஆனா இன்னொரு ரிலாப்ஸ் வந்தா மாத்தணும்." நானும் கணவரும் அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதியில்தான் குடியிருந்தோம். அடுத்தது எதிர்ப்புச் சக்தியை இன்னும் ஆழமாக அமுக்கும் ஊசி மருந்து. மருந்தைக்கூட மாற்றிக்கொள்ளலாம். நோய் இடது காலுக்கு வந்துவிட்டால் மாற்றிக்கொள்ள என்னிடம் வேறு கால் இல்லை. மெட்ரோ இல்லை, அலுவலகம் இல்லை, என் சமையலறையில் நானே நிற்பதும் இல்லை.

அது மெட்ரோ வைட்ஃபீல்ட் வரை ஓடத் தொடங்கியதற்கு அடுத்த கோடை. ஊர் முழுக்கத் தண்ணீருக்கு அலைந்த கோடை. ஏப்ரலில் எப்போதும் தலைகாட்டும் மாலை மழை அந்த வருடம் ஒரு தூறலுக்குக்கூட வரவில்லை. பம்ப் மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் என் கணவர், வற்றிய போர்வெல்களில் காற்றை இழுத்து எரிந்துபோன மோட்டார்களுக்கு நடுவில் சாப்பிடக்கூட நேரமில்லாமல் இருந்தார். ஒரு சனிக்கிழமை காலை அடுப்பிலிருந்து குக்கரை இறக்க உடம்பை இடதுபக்கம் சாய்த்தேன். கால் நிற்கவில்லை. மடங்கியது. குக்கரை அடுப்பின்மேலேயே விட்டுவிட்டு மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, கொஞ்சம் வாங்க."

"கெளம்பிட்டேன்மா, அங்கிருந்தே சொல்லு."

"பியூன் வேலைக்கு வரல."

ஸ்கூட்டர் சாவி கையோடு ஓடிவந்தார். என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவரும் எதிரில் குந்தினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எம்.எஸ். நோயாளிக்கு வெயில் ஆகாது. உடம்பு கொஞ்சம் சூடானாலே, ஏற்கெனவே உறை தேய்ந்த நரம்புகள் செய்தியைப் பாதி வழியில் தொலைத்துவிடும். குளிர்ந்ததும் சரியாகிவிடும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சோதனை உண்டு. ஏதாவது புதுத் தொந்தரவு என்றால் கால்கள் இரண்டையும் குளிர்ந்த தண்ணீர் டப்பில் வைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு உட்கார்வேன். தொந்தரவு குறைந்தால் வெயிலின் வேலை. குறையாவிட்டால் ரிலாப்ஸ். இந்தச் சோதனை எங்களை ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை. அவர் டப்பை இழுத்து வந்தார்.

"முழு டப்பு தண்ணியா? டேங்கர்காரன் பாத்தா அழுதுடுவான்."

"அப்புறம் அதுலயே துணி அலசிக்கலாம்."

"நீ கால் வெச்ச தண்ணியில என் சட்டையா?"

"உங்க சட்டையில இருக்கிற கிரீஸுக்கு என் கால் எவ்வளவோ மேல்."

ஃப்ரிட்ஜில் இருந்த ஐஸ் முழுவதையும் கொட்டினார். விரல்கள் சில்லிட்டு மரக்கும்வரை உட்கார்ந்தேன். பிறகு அவர் தோளைப் பிடித்து எழுந்து இடது காலில் பாரத்தைப் போட்டேன். அதே மடங்கல். ஐஸின் மரமரப்பில் கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

வெயில் இல்லை. அப்படியானால் ரிலாப்ஸ். பல வருடங்களாக எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு இரண்டே விடைகள். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. நாள்பட்ட நோய் உள்ள வீட்டில் ஜலதோஷம்கூட அந்த நோயின் கணக்கில்தான் எழுதப்படும்.

மருத்துவமனைக்கு ஃபோன் செய்தேன். "புதுசா பலவீனமா மேடம்?" என்று நர்ஸ் கேட்டார். "ஆமாம், இடது கால் நிக்கல," என்றேன். டாக்டரிடம் கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தார். திங்கட்கிழமை காலை வரவேண்டும், தேவைப்பட்டால் டிரிப் போட அங்கேயே தங்கும்படி தயாராக வரவேண்டும். என் கணவர் அன்று கடையைத் திறக்கவில்லை. பெட்டியில் துணிகளை அடுக்கினார். பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி அடுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை ஹெப்பகோடியிலிருந்து என் நாத்தனார் வந்துவிட்டாள். அங்கே ஒரு தொழிற்சாலை கேன்டீனை மேற்பார்க்கிறாள். எங்கள் வீட்டையும் அப்படித்தான் மேற்பார்ப்பாள்.

"அண்ணி, நீங்க எழுந்திரிக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"பாத்ரூமுக்கு?"

"என்னக் கூப்புடுங்க, நாற்காலியோட தூக்கிட்டுப் போறேன்."

எங்கள் வீட்டில் இருக்கிற ஆட்களைவிட நாற்காலிகள் அதிகம். சமையலறையில் ஒன்று, குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூல், துணி காயப்போடும் இடத்தில் ஒன்று, பூஜை அலமாரிக்கு முன்னால்கூட ஒன்று. வெளியிலும் அப்படித்தான். மெட்ரோவில் என் ஊன்றுகோலைக் கண்டதும் யாராவது எழுந்துவிடுவார்கள். மளிகைக்கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போடுவார். அலுவலகத்தில் நான் எழுந்து போக வேண்டாம் என்று பிரிண்டரையே என் மேசைக்குப் பக்கத்தில் மாற்றி வைத்தார்கள். என்மேல் பிரியம் உள்ள அத்தனை பேரும் என்னை உட்காரத்தான் சொன்னார்கள். வெயிலுக்குப் பயந்து வீட்டின் திரைகளை மார்ச்சிலிருந்து நாங்கள் திறப்பதே இல்லை. அப்போது இவற்றை எல்லாம் பத்திரம் என்றுதான் நினைத்தேன்.

மதியம் அவள் தேங்காயெண்ணெயைக் காய்ச்சி என் இடது காலை மடியில் எடுத்து வைத்துத் தேய்த்தாள். பாதத்தின் மேல்பக்கம் அவள் விரல் ஒரு இடத்தைத் தொட்டதும் கத்திவிட்டேன்.

"என்ன அண்ணி, இதுவும் எம்.எஸ். வலிதானா?"

"தெரியல. கைய எடு, நான் பாக்கறேன்."

அந்த இடத்தை நானே அழுத்திப் பார்த்தேன். என் நோயின் வலிகளை எனக்கு நன்றாகத் தெரியும். அவற்றுக்கு முகவரி கிடையாது. தொடைக்குள் சுடுநீர் ஓடுவது போல இருக்கும், எங்கே என்று கேட்டால் முழுக் கையாலும் தடவிக் காட்டத்தான் முடியும். அழுத்தினால் அதிகமாகாது, விட்டால் குறையாது. இந்த வலியைக் கட்டைவிரலால் மூடிவிடலாம். விரலை அரை அங்குலம் நகர்த்தினால் இல்லை. திரும்ப வைத்தால் இருந்தது. நகர்த்தினேன், வைத்தேன், நகர்த்தினேன்.

"வலிக்குதுன்னா எதுக்குத் திரும்பத் திரும்ப அமுத்தறீங்க? அதென்ன காலிங் பெல்லா?"

"வேற மாதிரி இருக்கு இது."

"வேற மாதிரின்னா நல்லதா கெட்டதா?"

அதுதான் எனக்குத் தெரியவில்லை. நோய் புதுவிதமாக வந்திருக்கிறது என்றுதான் அப்போதும் நினைத்தேன். ஆனாலும் பயத்துக்கு நடுவில் ஒரு ஆர்வம் எட்டிப் பார்த்தது. இத்தனை வருடம் கழித்து என் உடம்பு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறது. அன்று மாலை முழுக்க யாரும் பார்க்காதபோது அந்த இடத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை காலை மருத்துவமனை. எங்கள் மருத்துவர் கன்னடக்காரப் பெண்மணி. மற்றவர்களிடம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பேசுவார். என்னிடம் மட்டும் பிடிவாதமாகத் தமிழ்தான்.

"இடது காலா? எப்போ இருந்து?"

"சனிக்கிழமை காலையில, குக்கர இறக்கும்போது."

"உங்ககிட்ட மட்டும்தான் இவ்ளோ கரெக்டா பதில் வரும்," என்று சிரித்துக்கொண்டே படுக்கையில் படுக்கச் சொன்னார்.

இடுப்பிலிருந்து தொடங்கினார். அவர் கைக்கு எதிராகத் தொடையைத் தூக்கினேன், முழங்காலை நீட்டினேன், மடக்கினேன். இதெல்லாம் சுலபமாக வந்தது. அவர் புருவம் லேசாக ஏறியது. பிறகு பாதம். அவர் உள்ளங்கைக்கு எதிராகப் பாதத்தைக் கீழே அழுத்தச் சொன்னார். கொஞ்சம் அழுத்தி நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்தினீங்க? நோவா, இல்ல பலமே வரலையா?"

நான் யோசித்தேன். சனிக்கிழமையிலிருந்து எல்லாரிடமும் கால் நிற்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, ஏன் நிற்கவில்லை என்று நானே என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வலது கால் போனபோது பலம்தான் வரவில்லை. கட்டளை போகும், கால் கேட்காது. இங்கே கால் கேட்டது. கேட்ட பிறகு வலித்தது.

"நோவுனாலதான்."

"எங்கேன்னு காட்டுங்க. ஒரே விரல்ல காட்டணும்."

காட்டினேன். ஞாயிறு முழுக்கப் பயிற்சி எடுத்திருந்தேனே. அவர் அதே இடத்தில் தன் கட்டைவிரலை வைத்ததும் படுக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"இத்தனை வருஷத்துல எம்.எஸ்.ஸை ஒரு விரல்ல காட்டின பேஷன்ட் யாரும் என்கிட்ட வந்தது இல்ல," என்றார்.

என் கணவர் பெட்டியைக் கீழே வைத்தார். "அப்ப டிரிப் வேணாமா டாக்டர்?"

"அவசரப்படாதீங்க. எலும்பு உடைஞ்சதும் ரிலாப்ஸும் ஒண்ணா வந்திருக்கலாம். மொதல்ல எக்ஸ்ரே."

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. எலும்புகள் வரிசையாக, சுத்தமாக இருந்தன. அந்தப் படத்தைப் பார்த்து என் கணவர் முகம் விழுந்ததை எப்படிச் சொல்வது? வேறு எந்த நோயாளியின் வீட்டுக்காரரும் எலும்பு உடையவில்லை என்று தெரிந்து அப்படி வாடியிருக்க மாட்டார். மருத்துவர் கவனித்திருக்க வேண்டும். இந்த மாதிரி மெல்லிய விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கும் என்று விளக்கினார். அதனால் தலை, முதுகுத்தண்டு, பாதம் மூன்றுக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். தலையிலோ தண்டிலோ புதுத் தழும்பு இருந்தால் ரிலாப்ஸ். இல்லாவிட்டால் இல்லை. முடிவு மறுநாள் பிற்பகல் தெரியும். அதுவரை ஸ்டீராய்டு கிடையாது.

எம்.ஆர்.ஐ. குழாய் எனக்குப் பழகிய இடம். எந்தச் சத்தத்துக்குப் பின் எந்தச் சத்தம் வரும் என்று தெரியும். ஆனால் இதுவரை என் தலையையும் முதுகையும் மட்டும்தான் படம் எடுத்திருக்கிறார்கள். முதன்முறையாகப் பாதத்துக்கு ஒரு கூடு மாட்டினார்கள். என்னைத் தாங்கும் உறுப்பை இத்தனை நாள் யாருமே எட்டிப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தோன்றியது.

மறுநாள் மருத்துவர் படங்களைக் கணினியில் திறந்து வைத்திருந்தார். நாங்கள் உட்காரும் முன்பே சொன்னார்.

"தலை பழைய மாதிரியே. தண்டும் பழைய மாதிரியே. புதுசா ஒண்ணும் இல்ல."

என் கணவர் உட்காரவில்லை. "அப்ப கால்?"

"மூணாவது விரலுக்குப் பின்னால நீளமா ஒரு எலும்பு இருக்கு இல்ல? அதுல விரிசல்."

"உடைஞ்சிருக்கா? நிச்சயமா?"

"நிச்சயமா."

"ரொம்ப ரொம்ப தேங்க்ஸ் டாக்டர்."

மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. வெளியே வராந்தாவுக்கு வந்ததும் என் கணவர் தன் தங்கைக்கு ஃபோன் போட்டார். அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

"எலும்பு உடைஞ்சிருக்குடி! ஆமா, எலும்புதான்! இல்ல இல்ல, நல்ல சேதிதான் சொல்றேன்!"

எதிர் பெஞ்சில் முறிந்த கையைக் கட்டுப்போட்டுக் கழுத்திலிருந்து தொங்கவிட்டிருந்த ஒரு பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்துக் கன்னடத்தில் என்னிடம் கேட்டார், எலும்பு முறிந்ததற்கா இவ்வளவு குஷி என்று. ஆமாம் என்றேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "நம்ம மனேலி யாரிகூ குஷி ஆகலில்லம்மா," என்றார். எங்கள் வீட்டில் யாரும் குஷிப்படவில்லையே என்று அர்த்தம். கேன்டீனிலிருந்து என் கணவர் மைசூர்பாகு வாங்கி வந்து அவருக்கும் கொடுத்தார்.

மகிழ்ச்சி அடங்கியதும் என் கேள்விகள் தொடங்கின. எப்போது உடைந்தது? சனிக்கிழமை என்று நான் உறுதியாக இருந்தேன். இல்லை என்றார் மருத்துவர். விரிசலைச் சுற்றி எலும்பு ஏற்கெனவே தன்னைச் சரிசெய்யத் தொடங்கியிருந்தது படத்தில் தெரிந்தது. பல வாரங்களாக ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருக்கிறது. சனிக்கிழமை எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். நான் பின்னோக்கி யோசித்தேன். மெட்ரோ வந்தபின் அலுவலக கேபை விட்டுவிட்டுப் பெருமையாக ஸ்டேஷனிலிருந்து நடக்கத் தொடங்கியிருந்தேன். வலது கால் உரசிக்கொண்டு வர, ஒவ்வொரு அடியிலும் இடது கால் இரண்டு ஆளின் வேலை பார்த்தது. எந்த அடியில் முதல் இழை விட்டது என்று யாரால் சொல்ல முடியும்? நோய்க்கும் தேதி இல்லை, உடைந்ததற்கும் தேதி இல்லை. தேதிகளை நம்பி வாழ்ந்தவளுக்கு இது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. அதே சமயம் தேடுவதை விட்டுவிடவும் மனம் வரவில்லை.

"லோடு ஒரே பக்கமா விழுந்தா அந்தப் பக்கத்து பேரிங்தானே மொதல்ல போவும்," என்றார் என் கணவர்.

"இத சனிக்கிழமையே சொல்லியிருக்கலாமே?"

"நீ மோட்டாருன்னு சொல்லவே இல்லையே."

ஆனால் நடந்து போனதற்கே எலும்பு விடுவானேன்? எனக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார் மருத்துவர். அந்த அறையில் சத்தம் இல்லை, குழாய் இல்லை. மேசையில் படுத்தால் மேலே ஒரு இயந்திரக் கை மெதுவாக நகர்ந்து போகிறது. முதுகும் ஒரு பக்க இடுப்பும் எடுத்துவிட்டு டெக்னீஷியன் எழுந்திருக்கச் சொன்னார்.

"இன்னொரு இடுப்பு?"

"ஒண்ணு போதும் மேடம். எல்லாருக்கும் ஒண்ணுதான் எடுப்போம்."

"எல்லாருக்கும் ரெண்டு காலும் ஒரே வேலை செய்யும். எனக்கு அப்படி இல்லங்க."

அவர் மருத்துவரை ஃபோனில் கேட்டார். மறுமுனையில் என்ன சொன்னார்களோ, சிரித்துக்கொண்டே இயந்திரத்தைத் திருப்பினார். ரிப்போர்ட் வந்தபோது நான் கேட்டதில் நியாயம் இருந்தது தெரிந்தது. இரண்டு இடுப்புமே என் வயதுக்கு இருக்க வேண்டியதைவிடக் குறைவு. அதிலும் வலது இன்னும் குறைவு. உழைத்துக் களைத்த கால் உடைந்தது. உழைக்காத கால் உள்ளேயே மெலிந்துகொண்டிருந்தது. இத்தனை வருடமாக வலது காலுக்கு நரம்பில் மட்டும்தான் குறை என்று நினைத்திருந்தேன்.

அந்தத் தாளையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் வைத்துக்கொண்டு நான் மருத்துவரைச் சுலபத்தில் விடவில்லை. அவரும் பொறுமையாகச் சொன்னார். எலும்பு கல் இல்லை. ஒரு பக்கம் கரைந்துகொண்டே இன்னொரு பக்கம் கட்டப்பட்டுக்கொண்டே இருப்பது. எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அதன்மேல் விழும் பாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. பாரம் விழாத எலும்பில் வேலையைக் குறைத்துவிடுகிறது.

"நான் போட்டுக்கிட்ட ஸ்டீராய்டாலயா?"

"அதுல கொஞ்சம். வெயில்லயே போகாம வைட்டமின் டி தரையில கிடக்குது, அதுல கொஞ்சம். உக்காந்தே இருந்ததுலதான் நிறைய."

கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் எங்கள் நாற்காலிகள்தான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"இதையெல்லாம் நான் முன்னாடியே பாத்திருக்கணும்," என்றார் மருத்துவர். "உங்க வீட்ல எல்லாரும் நரம்பையே பாத்தீங்க. நானும்தான்."

அதே மாத்திரை தொடர்ந்தது. அந்த வரியை மருந்துச் சீட்டில் அவர் எழுதும்போது பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கீழே வாரத்துக்கு ஒருமுறை பாலில் கலக்கும் வைட்டமின் பொடி, கால்சியம், ஆறு வாரத்துக்கு அடி வளையாத பூட், பிசியோதெரபி. இனி கீழே விழாமல் இருப்பதுதான் முக்கியம் என்று கோடு போட்டிருந்தார். எலும்புக்கென்று தனி மருந்து வேண்டுமா என்பதை அடுத்த வருட ஸ்கேன் பார்த்து முடிவு செய்யலாம் என்றார்.

பூட் போட்ட வாரங்கள்தான் உண்மையில் பயமாக இருந்தன. இடது காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அப்படியானால் நின்றாக வேண்டியது ஆபீசர்தான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைவரை போவதற்குள் வலது தொடை நடுங்கும். வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்தேன். விரிப்புகளைச் சுருட்டி அலமாரியின்மேல் போட்டார் கணவர். காலை வெயில் இளசாக இருக்கும்போது திரைகளைத் திறந்தோம். மே மாதம் மழை வந்தபோது தெருவே வாசலில் நின்றது. நானும் வாக்கரோடு நின்றேன். ஹெப்பகோடியிலிருந்து ஞாயிறுதோறும் ஆட்டுக்கால் சூப் வந்தது.

"எலும்புக்கு எலும்புதான் அண்ணி மருந்து. குடிங்க."

"டாக்டர் நிக்கத்தான் சொன்னாங்க, குடிக்கச் சொல்லல."

"அப்ப நின்னுக்கிட்டே குடிங்க."

நின்றுகொண்டே குடித்தேன். என்னை உட்கார வேண்டாம் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. பழக்கதோஷத்தில் அவள் கை ஒரு நாற்காலியை இழுத்து என் பின்னால் போட்டுவிட்டது. தெரிந்ததும் அவளே அதில் உட்கார்ந்துகொண்டாள்.

பூட்டைக் கழற்றியபின் பிசியோதெரபிக்குப் போகத் தொடங்கினேன். அங்கே பயிற்சி கொடுக்கும் பெண் என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவாள். அதைத் தவிர அவளிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாள் அவள் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. எடை பார்க்கும் பழைய முள் மெஷின்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ஒரு கால் இதுல, ஒரு கால் அதுல ஆன்ட்டி. நேரா நில்லுங்க. நேரா நிக்கறதா உங்களுக்குத் தோணினதும் சொல்லுங்க."

கம்பிகளைப் பிடித்து ஏறி, கையை விட்டு, நேராக நின்றேன். சொன்னேன். கீழே பார்க்கச் சொன்னாள். இடது முள் ஏறக்குறைய என் மொத்த எடையைக் காட்டியது. வலது முள் ஒரு கைக்குழந்தையின் எடையைக் காட்டிக்கொண்டிருந்தது. நேராக நிற்பதாக நான் சத்தியம் செய்திருப்பேன். எத்தனை வருடமாக இப்படி நிற்கிறேனோ, என் உடம்பு அதைத்தான் நேர் என்று வைத்துக்கொண்டிருந்தது.

வாரம் இருமுறை போனேன். கம்பிகளுக்கு நடுவில் நின்று, முள்ளைப் பார்த்துக்கொண்டே வலதுபக்கம் பாரத்தை நகர்த்துவதுதான் வேலை. நகர்த்தும்போதெல்லாம் விழப்போவது போலவே இருக்கும். முள்ளோ இப்போதுதான் நடுவுக்கு வருகிறாய் என்று சொல்லும். எதை நம்புவது என்று ஒவ்வொரு தடவையும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. மருத்துவரும் ஒருநாள் அந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டு, இடது கால் நன்றாகக் கூடிவிட்டது, அதைப்பற்றி இனிக் கவலை வேண்டாம் என்று சொல்லிப் போனார்.

ஒருநாள் என் கணவர் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"இதுல என்ன பெரிய கஷ்டம்? தள்ளு, நான் நிக்கறேன்."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி இடம் கொடுத்தேன். அவர் சட்டையைக் கீழே இழுத்துவிட்டு, போட்டோ எடுப்பது போல நின்றார். இரண்டு முட்களும் ஆடி நின்றன. வலது முள் இடதைவிட நன்றாகவே முன்னால் இருந்தது.

"மெஷின் ரிப்பேர்மா இது."

"யாருக்குமே சமமா இருக்காது அங்கிள்," என்றாள் அந்தப் பெண்.

அவர் விடுவதாக இல்லை. இடதுபக்கம் சாய்ந்தார், அதிகமாகப் போனது. வலதுபக்கம் வந்தார், அதுவும் அதிகமாகப் போனது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். முட்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

"ஆடாம நில்லுங்க. அப்புறம் நீங்களும் வாக்கரோட வீட்டுக்கு வருவீங்க," என்றேன்.

அவர் இறங்கியதும் நான் ஏறினேன். கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தேன், பிறகு இன்னொன்றையும். வலதுபக்கம் மெதுவாக நகர்ந்தேன். தொடை நடுங்கத் தொடங்கியது, முள்ளும் அதோடு நடுங்கிக்கொண்டே ஏறியது. போன வாரம் நின்ற இடத்தைத் தாண்டியது. போதும் ஆன்ட்டி என்றாள் அந்தப் பெண். இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துகொள்ள நான் இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன்.